படம் ஒரு பக்கம், படக்குறிப்பு மறுபக்கம்: ஏன் பிரிகின்றன?

அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கால்வாய் மதகுகளைப் பற்றி டாக்புக்கில் (குறியிட்ட உரையாக எழுதி, பின்னர் அச்சுப் பக்கங்களாக மாற்றும் ஆவண முறை) கையேடு தயாரிக்கும் நீங்கள், மதகுத் திருகின் படம் ஒரு பக்கத்தின் அடியிலும் அதன் குறிப்பு அடுத்த பக்கத்தின் தலையிலும் விழுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும், படத்தை ‘இன்ஃபார்மல்ஃபிகர்’ என்ற, தலைப்பில்லாப் படத்துக்கான உறுப்பில் (குறியீட்டுக் கூட்டில்) வைத்துவிட்டுக் குறிப்பை அதன்கீழ் தனிப் பத்தியாக எழுதுவதே காரணம். நம் கண்ணுக்கு அது படக்குறிப்பு, மென்பொருளுக்கோ அது இன்னொரு பத்தி மட்டுமே, ஆகவே பக்கம் நிறையும் இடத்தில் தயங்காமல் வெட்டிவிடும். ‘ஃபிகர்’ உறுப்புக்குள் முதலில் குறிப்பை ‘டைட்டில்’ என்றும், அடுத்து படத்தை ‘மீடியாஆப்ஜெக்ட்’ என்றும் எழுதினால் இரண்டும் ஒரே கட்டாகிவிடும். மூலத்தை அச்சுப் பக்கமாக்கும் விதிகளான டாக்புக்கின் வழக்கமான எக்ஸ்எஸ்எல் நடைதாள்கள் அதைப் பிரிப்பதில்லை, பட எண்ணும் தானாகவே வந்துவிடும்.

மூலத்தில் குறிப்பு படத்துக்கு முன்னால் நிற்பது உறுத்தலாம் (எனக்கும் முதலில் உறுத்தியது). அச்சில் அது படத்தின்கீழ் வர வேண்டுமானால், நடைதாளின் ‘ஃபார்மல்.டைட்டில்.பிளேஸ்மென்ட்’ அளபுருவில் (அமைப்பு மதிப்பில்) ‘ஃபிகர் பிஃபோர்’ என்பதை ‘ஃபிகர் ஆஃப்டர்’ என்று மாற்றினால் போதும்.

கன்னடியன் கால்வாயைத் தலைமதகு முதல் கடைமடை வரை ஒரே நெடும்படமாக வரைந்திருந்தால் மட்டும் இந்த வழி உதவாது. பக்கத்தைவிட உயரமான கட்டு எப்படியும் வெளியே வழியும். அத்தகைய படத்தின் உயரத்தை, குறிப்புக்கு இரண்டு மூன்று வரி இடம்விட்டு, பட உயரத்தைக் குறிக்கும் ‘கன்டென்ட்டெப்த்’ பண்புக்கூறில் குறைத்துக் கொடுங்கள்.