அடுத்த வீட்டாரின் சமயத்தை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தை நடத்திவரும் பள்ளி ஆசிரியை நான். உலகச் சமயங்களைப் பற்றி எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வினாத்தாள் கொடுத்தேன். திருவிழாக்களைப் பற்றிய வினாக்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் சரியாக விடை எழுதினார்கள். கொள்கைகளைப் பற்றிய வினாக்களில், தத்தம் சொந்தச் சமயத்தைக் குறித்தவற்றில்கூட, பெரும்பாலோர் தடுமாறினார்கள். சாதாரண மக்கள் பொதுவாக இவ்வளவுதான் அறிந்திருப்பார்களா? யார் மனமும் புண்படாமல் இந்த அறிவை வளர்ப்பது எப்படி?

பதில்: உங்கள் உறுப்பினர்களின் விடைத்தாள்களைக் கண்டு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவிலுள்ள பியூ ஆய்வு மையம் 2010-ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்களிடம் சமயங்களைப் பற்றி 32 வினாக்களைக் கேட்டபோது, சராசரியாகப் பாதி வினாக்களுக்கே, அதாவது 16-க்கே, சரியான விடை கிடைத்தது. வேறு வினாக்கள் கலந்து 2019-இல் மீண்டும் 32 வினாக்கள் கேட்கப்பட்டபோது சராசரி 14.2. சொந்தச் சமயத்தைப் பற்றிய தடுமாற்றமும் அங்கே இருந்தது. நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்பது தம் திருச்சபையின் போதனை என்பதை, 2010-இல் கேட்கப்பட்ட கத்தோலிக்கருள் 45 விழுக்காட்டினர் அறிந்திருக்கவில்லை. சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளைச் சேர்ந்தவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்கு, அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்தவர் மார்ட்டின் லூதர் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆய்வுகளில் உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி வேறொன்றும் உண்டு. பள்ளி, கல்லூரிப் படிப்பு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடியது. அதோடு, சமயங்களைப் பற்றிய பாடத்தை ஒருமுறையேனும் படித்தவர்களும், பிற சமயத்தாரில் பலரோடு நேரடிப் பழக்கம் உள்ளவர்களும் மற்றவர்களைவிட மிகுதியாக அறிந்திருந்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு ஆய்வுகளிலும் முன்வரிசையில் இருந்தார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். பகுத்தறிவு இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் வேரூன்றிய நம் பகுதியில், அவ்வியக்கத்தவரை இந்த முயற்சிக்கு வெளியே நிறுத்துவது பெரிய இழப்பாகும். அவர்களில் பலர் சமய நூல்களை மறுப்பதற்காகவே ஊன்றிப் படித்தவர்கள்.

நம் காவிரிப் படுகையின் நிலைமைக்கு வருகிறேன். 2019-இன் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் அதே மையம் நடத்திய ஆய்வில், எல்லாச் சமயங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருப்பதற்கு மிகவும் முக்கியம் என்று 84 விழுக்காட்டினர் கூறினார்கள். ஆனால் அதே ஆய்வில், தாங்கள் முஸ்லிம்களிடமிருந்து மிகவும் வேறுபட்டவர்கள் என்று இந்துக்களில் 66 விழுக்காட்டினர் கருதினார்கள். மதிப்பு நிறைய இருக்கிறது. தொலைவும் அதனுடனேயே இருக்கிறது. நம் பகுதியில் அந்தத் தொலைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் எல்லாச் சமயத்தாரும் போகிறோம். தஞ்சாவூருக்கு அருகிலுள்ள காசவளநாடு புதூரில் இந்துக்களே மொகரத்தை அல்லா சாமி பண்டிகையாகக் கொண்டாடித் தீ மிதிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எனினும் மொகரம் மாதத்தின் பத்தாம் நாள் யாருடைய நினைவைத் தாங்கியது என்று கேட்டால், 680-இல் கர்பலாவில் கொல்லப்பட்ட நபிகளின் பேரர் உசேனின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. உங்கள் வினாத்தாள் காட்டியதும் இதுதான்: நம்மவர்கள் பிற சமயங்களின் இடங்களை அறிவார்கள், நாள்களை அறிவார்கள், அந்த இடங்களில் வழிபடுகிறவர்கள் எதை நம்புகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டதில்லை.

கேட்காததால் என்ன நிகழ்கிறது என்றால், அறியாத பகுதியை நம் சொந்தச் சமயத்தின் அளவுகோலால் நிரப்பிக்கொள்கிறோம். வேளாங்கண்ணி மாதாவை நம் ஊர் அம்மனைப் போன்ற ஒரு தெய்வம் என்று எண்ணுவோர் பலர். கத்தோலிக்கப் போதனைப்படி மரியாள் கடவுள் அல்லர். கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுமாறு அவரிடம் வேண்டுகிறார்கள். அதே கடற்கரையில் வடக்கே தரங்கம்பாடியில் 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் வழிபடும் லுத்தரன் சபையினரோ, அவரைப் போற்றினாலும், அவரிடம் வேண்டுதல் வைப்பதில்லை. ‘கிறிஸ்தவர்கள் மாதாவைக் கும்பிடுவார்கள்’ என்ற ஒரு வரி விடைக்கு மதிப்பெண் கொடுப்பதா, குறைப்பதா என்று தீர்மானிப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நாகூரிலும் இவ்வாறே. அங்கே அடக்கமாகியிருக்கும் சாகுல் அமீது ஓர் இறைநேசர். இஸ்லாத்தில் வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே. தர்காவில் வேண்டிக்கொள்வது தகும் என்போரும் தகாது என்போரும் முஸ்லிம்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கலிமா (நம்பிக்கை உறுதிமொழி), தொழுகை, நோன்பு, ஜகாத் (கட்டாய தருமம்), ஹஜ் (மக்காப் பயணம்) ஆகிய ஐந்து கடமைகளில் தர்கா வழிபாடு இடம்பெறவில்லை. நோன்புக் கஞ்சியை ஆண்டுதோறும் வாங்கிக் குடிக்கிற நம் பிள்ளைகளிடம், ரமலான் ஏன் ஓர் ஆண்டில் கோடையிலும் வேறோர் ஆண்டில் மழைக்காலத்திலும் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஹிஜ்ரி எனப்படும் இஸ்லாமிய ஆண்டு சந்திரனை மட்டுமே பின்பற்றி ஏறத்தாழ 354 நாள்களில் முடிந்துவிடுவதால், நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள்கள் முன்னதாக வருகிறது என்பதை எளிதாக விளக்கிவிடலாம். அந்த விளக்கத்தை ஒரு முஸ்லிம் மாணவரே சொல்லும்படி செய்தால் இன்னும் நன்று.

உங்கள் மன்னார்குடியிலேயே இதற்கு அருமையான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அங்குள்ள மல்லிநாதர் சமணக் கோயிலைக் கடந்து போகாதவர்கள் குறைவு. ஆனால் சமணர் என்றவுடன் வடக்கிலிருந்து வந்து வணிகம் செய்கிறவர்களை மட்டுமே நினைப்பவர்கள் மிகுதி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட திகம்பரச் சமணர்கள் இந்த மண்ணில் மிக நீண்ட காலமாக வாழ்ந்துவருகிறார்கள். மல்லிநாதர் பத்தொன்பதாவது தீர்த்தங்கரர். அவர் ஆண் என்று திகம்பரரும் பெண் என்று சமணத்தின் மற்றொரு பிரிவினரான சுவேதாம்பரரும் கூறுகிறார்கள். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்று சமணம் ஏற்பதில்லை. தீர்த்தங்கரர்கள் வினைகளை வென்று விடுதலை அடைந்தவர்கள். அவர்கள் வரம் தருவதில்லை, வழியைக் காட்டுகிறார்கள். தீபாவளியைச் சமணர்கள் மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாளாகப் போற்றுகிறார்கள். ஒரே நாளில் ஒரே தெருவில் ஏற்றப்படும் விளக்குகளுக்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பது வாசகர் வட்டத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசுவதற்குரிய செய்தியாகும்.

சொந்தச் சமயத்தைப் பற்றிய தடுமாற்றத்தைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் காவிரியின் வடகரையில் 63-உம் தென்கரையில் 127-உம் ஆக 190 தலங்கள் சோழநாட்டில் உள்ளன. இவ்வளவு கோயில்களுக்கு நடுவே வாழ்ந்து, பிரதோஷம் தவறாமல் போகிற ஒருவரிடம் சைவ சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால், ஆன்மாவும் இறைவனும் ஒன்றே என்ற விடை வரலாம். அது அத்வைதத்தின் கொள்கை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணைக்கும் கட்டு) ஆகிய மூன்றும் தொடக்கமில்லாதவை என்றும், முத்தி நிலையிலும் உயிர் இறைவனோடு கலந்து நிற்குமேயன்றி இறைவனாகவே ஆகிவிடாது என்றும் சித்தாந்தம் கூறுகிறது. அந்தச் சித்தாந்தத்தின் அடிப்படை நூலான, மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களைக் கொண்டது; அதைப் போற்றிக் காத்துவரும் திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தம் சமயத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை உணர்ந்தவருக்கு, பிற சமயத்தாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது எளிதில் விளங்கும். ஆகையால் முதல் சில கூட்டங்களை ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் படித்துவந்து சொல்வதற்கு ஒதுக்குங்கள்.

அதன் பிறகு வினாக்களை மாற்றி அமையுங்கள். ‘இச்சமயத்தின் புனித நூல் எது’ என்பது போன்ற ஒரு சொல் விடைக்குரிய வினாக்கள் போட்டித் தேர்வுக்குப் பயன்படலாம். புரிதலை அவை காட்டுவதில்லை. ‘ஒருவர் நோன்பு இருப்பதற்கு அவரே சொல்லும் காரணம் என்ன’, ‘இதில் அச்சமயத்தாருக்குள் கருத்து வேறுபாடு உண்டா’ என்ற வகையில் கேளுங்கள். விடையை நீங்கள் நூலிலிருந்து படித்துச் சொல்வதைவிட, அச்சமயத்தைப் பின்பற்றுகிறவரிடம் உறுப்பினர்களே போய்க் கேட்டுவருவது நல்லது.

இந்த முறைக்கு நம் கடற்கரையிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, மக்களைத் தம் சமயத்துக்கு மாற்றும் நோக்கத்துடன்தான் வந்தார். அந்த நோக்கத்தை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் அவரும் உடன் பணியாளர் குருண்டலரும், தமிழர்களின் வழிபாடு, ஒழுக்கம், வாழ்க்கைமுறை ஆகியவற்றைப் பற்றித் தமிழர்களுக்கே வினாக்களை எழுதி அனுப்பி, 1712 முதல் 1714 வரையில் அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களைத் திரட்டினார்கள். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் முடித்த நூலோ 1867 வரையில் அச்சேறவில்லை. பிறர் சமயத்தை அவர்களுடைய வாய்ச்சொல்லாலேயே அறிய வேண்டும் என்ற அந்த அணுகுமுறையை, மதமாற்ற நோக்கத்தை விலக்கிவிட்டு, நீங்கள் அப்படியே கையாளலாம்.

படுகையில் இன்று மிகச் சிலராகவோ இல்லாமலோ இருக்கிற சமயத்தார் விஷயத்தில் இது கடினம். யூத, சீக்கியச் சமயங்களுக்கு நல்ல அறிமுக நூல்களே போதும். பௌத்தத்தை மட்டும் நாகப்பட்டினத்திலிருந்து தொடங்குங்கள். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டின் மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்படும் கொடையாக, அளித்ததை லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் செப்பேடுகள் கூறுகின்றன. நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காணலாம்.

பொது இடத்தில் இதைச் செய்யலாமா என்று யாரேனும் கேட்டால், முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு கூறுவதையும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது அந்தத் தடைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் தீர்ப்பளித்ததையும் எடுத்துச் சொல்லுங்கள். நூலக அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது.

மன வருத்தம் பெரும்பாலும் விடை தெரியாததால் வருவதில்லை. பலர் முன்னிலையில் தெரியாதவராகக் காட்டப்படுவதால் வருகிறது. எனவே விடைத்தாளில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மதிப்பெண்களைச் சமயவாரியாகப் பிரித்து அறிவிக்காதீர்கள். ஒரு சமயத்தைப் பற்றிப் பேச அழைக்கும்போது, இயன்றவரை இருவரை அழையுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இமாம், பங்குத்தந்தை, ஓதுவார் ஆகியோரிடமிருந்து கொள்கையைத் தெளிவாகப் பெறலாம்; அக்கொள்கை வீட்டில் எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைப் பெண்கள் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தச் சமயம் உயர்ந்தது என்ற வினா எழுந்தால், அதை இந்தக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதில்லை என்று முதல் நாளிலேயே விதி செய்துவிடுங்கள். ஓராண்டு கழித்து, முதலில் கொடுத்த அதே வினாத்தாளை மீண்டும் கொடுங்கள். விடைகளில் ‘சிலர் இவ்வாறு கருதுகிறார்கள், வேறு சிலர் அவ்வாறு கருதுவதில்லை’ என்ற வகையான வாக்கியங்கள் தோன்றத் தொடங்கியிருந்தால், சரியான விடைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடாவிட்டாலும், உங்கள் முயற்சி நல்ல திசையில் செல்கிறது என்று கொள்ளலாம்.