நடைபாதையை விட்டுச் சருகுத் தரையைப் பாருங்கள்

லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாள்தோறும் காலை ஏழரை மணிக்கு நடப்பதாகவும், காக்கை, மைனா, புறா தவிர வேறெதுவும் கண்ணில் பட்டதில்லை என்றும் மயிலாப்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைப் பார்க்க வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டுமா, எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

வேடந்தாங்கலில் நீங்கள் காணப்போவது கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் போன்ற நீர்ப்பறவைகளை. வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும், 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலம் நகருக்குள்ளேயே இருக்கிறது. மரங்கள் அடர்ந்த பூங்காவுக்கு வருபவை வேறு வகை. இமயமலைப் பகுதியிலும் அதற்கு வெகு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தெற்கே இறங்கி, மார்ச் வரை நம் ஊர்ப் புதர்களிலும் மர நிழலிலும் தங்கும் சிறு பறவைகள் அவை. கிண்டி தேசியப் பூங்காவிலும் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்திலும் அவை பலருக்கும் பழக்கமானவை. புதரும் நிழலும் சிறிது சருகும் இருந்தால் சிறிய பூங்காக்களிலும் தங்கக்கூடியவை. உங்கள் கண்ணில் படாததற்கு, நீங்கள் போகும் நேரமும் நடந்துகொண்டே பார்ப்பதுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய ஆறரை மணிக்கு உதிக்கிறது. பூங்கா திறந்திருந்தால் ஆறேகாலுக்குள் உள்ளே சென்று, நடைபாதையிலிருந்து விலகிய, பெருக்கப்படாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். மழை விட்ட மறுநாள் காலை இன்னும் நல்லது.

முதலில் காதுக்கு வேலை கொடுங்கள். விடியலை ஒட்டி, தரைக்கு அருகிலிருந்து, தெளிவான இரண்டு சுரச் சீழ்க்கை கேட்டால் அது தோட்டக்கள்ளன் என்றும் அழைக்கப்படும் ஆறுமணிக்குருவி. மைனாவை விடச் சற்றுச் சிறியது. வால் இருக்கிறதா என்று ஐயப்படும் அளவுக்குக் குட்டை. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை என்று இத்தனை நிறங்கள் இருந்தும், நிழலில் அசையாமல் நிற்கும்போது அது சருகோடு சருகாகிவிடும். தாவித் தாவி வந்து, ஓர் இலையை அலகால் புரட்டி, அடியிலிருக்கும் மண்புழுவையோ பூச்சியையோ எடுத்துக்கொண்டு மீண்டும் நிற்கும். அந்த இலை அசைவைத்தான் நீங்கள் தேட வேண்டும். செந்தலைப் பூங்குருவியும் இதே போலச் சருகைக் கிளறும் என்பதால், ஒரே மூலையில் இரண்டையும் காண வாய்ப்புண்டு. மர நிழலில் தரையில் நடந்தபடி, உடலோடு சேர்த்து வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் பறவை கொடிக்கால் வாலாட்டி; மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக ஆட்டுவதால் இதில் குழப்பமே வராது.

இடுப்பளவு வேலிச்செடியிலிருந்து ‘டக்... டக்’ என்று நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒலி விட்டு விட்டு வந்தால், அது நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். நிறமோ மங்கிய பழுப்பு. ஆனால் வடகிழக்கு ஐரோப்பா வரை பரந்த நிலத்தில் கூடுகட்டும் இனம் இது. அழகான பறவையை மட்டும் தேடுபவர்கள் இதைக் கவனிக்காமல் போவது எனக்கு வருத்தமே. மரத்தின் தாழ்ந்த கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறந்து சென்று பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்கோ அருகிலோ திரும்பும் சாம்பல் கலந்த பழுப்புப் பறவை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் கொண்டிருந்தால், பழுப்பு ஈப்பிடிப்பான். நீண்ட வால் தொங்கும் ஆண் அரசவால் ஈப்பிடிப்பானையும் பளிச்சென்ற மஞ்சள் நிற மாங்குயிலையும் அடையாளம் காண யாருடைய உதவியும் தேவைப்படாது.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை, எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒன்றை வாங்குங்கள். கடையில் ‘எட்டுக்கு நாற்பத்திரண்டு’ என்றால் புரிந்துகொள்வார்கள். கையடக்கமாக இருக்கிறதே என்று ‘பத்துக்கு இருபத்தைந்து’ வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். முன்னதில் அது ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், பின்னதில் இரண்டரைதான்; விடியற்காலை மர நிழலில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மேலும், பத்து மடங்கில் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகிவிடும். பூங்காவில் பறவைகள் மிக அருகிலேயே இருப்பதால், மூன்று மீட்டருக்குள் உள்ள பொருளும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவரானால் கண்ணருகிலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்னவற்றில் பாதியை வெறுங்கண்ணாலேயே அறியலாம்.

மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவியாகக் கொள்ளுங்கள், பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத போட்டியாளரைத் தேடி அது அலைய நேரிடும். முடிந்தால், புதரடியிலுள்ள சருகையாவது கூட்டித் தள்ளாமல் விடும்படி பூங்காப் பணியாளர்களிடமோ மாநகராட்சியிடமோ கேளுங்கள். சருகு போனால் அதற்கடியில் வாழும் புழுவும் பூச்சியும் போகும், ஆறுமணிக்குருவிக்கு அங்கே இரை இருக்காது.

பார்த்தவற்றைத் தேதி, நேரத்தோடு குறித்து வாருங்கள். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழகத்தில் நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியலிட்டால் போதும். உங்கள் பூங்காவின் காக்கையும் மைனாவும்கூட அதில் இடம்பெற வேண்டியவையே.