மூட்டுத் தேய்மானத்தில் குருத்தெலும்புச் செல்களின் பங்கு என்ன?

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான உறையே குருத்தெலும்பு. அதன் கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு மட்டுமே உயிருள்ள செல்கள். மீதியில் பெரும்பகுதி நீர், அதைப் பிடித்துவைக்கும் புரதப் பொருள்கள், கொலாஜன் இழைகள். இந்தப் புரதங்களையும் இழைகளையும் உருவாக்கிப் பராமரிப்பவை அச்சிறுபான்மைச் செல்களே. அங்கே இரத்தக் குழாய்கள் இல்லாததால், மூட்டு நீரிலிருந்து ஊறிவரும் சத்தை மட்டுமே அவை நம்பியிருக்கின்றன. சேதம் எளிதில் ஆறாததற்கு இது முக்கியக் காரணம்.

கோத்தகிரி, குன்னூர் தேயிலைச் சரிவுகளில் ஆண்டுக்கணக்கில் சுமையோடு ஏறி இறங்குவோரின் முழங்காலில் விழும் அழுத்தத்தோடு வயது, பழைய காயம், அழற்சி ஆகியவையும் சேரும்போது, செல்களின் இயல்பே மாறி, தாம் கட்டியதையே சிதைக்கும் நொதிகளை மிகுதியாகச் சுரக்கத் தொடங்குகின்றன. தோட்டத்தில் மண் சரியாமல் தாங்கும் கல்கட்டைப் பராமரிக்க வேண்டியவரே கற்களைப் பெயர்ப்பது போன்றது இது. குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லையாதலால் தொடக்கச் சேதம் வலியின்றியே கடந்துவிடலாம் என்பதுதான் மிகவும் கவலைக்குரியது.

மூட்டு தேய்ந்துவிட்டால் நடையை அறவே நிறுத்திவிட வேண்டும் என்று பலர் கருதுவது தவறு. அளவான அசைவின் அழுத்தமும் தளர்வுமே அச்செல்களுக்குச் சத்து சென்றுசேர உதவுகின்றன.