மின் திருக்கைக்குள் அடுக்கு அடுக்காக

கேள்வி: எல்லா உயிர்களின் தசையிலும் மின்சாரம் உண்டு என்கிறார்கள். மின் திருக்கை மட்டும் அதை வெளியே பாய்ச்சுவது எப்படி?

பதில்: அதன் ஒரு செல் தருவது 0.1 வோல்ட்டுக்கும் குறைவுதான். வித்தை அடுக்கிய முறையில் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் வாழும் டார்பிடோ மார்மொராட்டா என்ற இனத்தைப் பார்ப்போம். தலைக்கு இருபுறமும் அவரை விதை வடிவில் ஒவ்வொரு மின் உறுப்பு. தோலை உரித்தால் தேனடைபோல் அறுகோணக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் முதுகிலிருந்து வயிறுவரை நிற்கும் ஒரு தூணின் உச்சி. 1773-இல் பிரிட்டிஷ் உடற்கூறியலாளர் ஜான் ஹன்டர் ஓர் உறுப்பில் 470 தூண்களை எண்ணினார்.

தூணுக்குள் அப்பளக் கட்டுபோல் நூற்றுக்கணக்கான செல்கள். அகலம் சில மில்லிமீட்டர். தடிமனோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. கருவில் இவை செவுள் பகுதித் தசைச் செல்களாகத்தான் தொடங்குகின்றன. பிறகு சுருங்கும் இழைகளை இழந்து தட்டையாகிவிடுகின்றன.

செல்லின் இரு முகங்களும் ஒன்றுபோல் இல்லை என்பதே முக்கியம். வயிற்றுப் பக்க முகத்தில் நரம்பு முனைகள் நெருக்கமாகப் படர்ந்திருக்கும். அந்த முனைகளுக்கு நேராகச் செல்லின் சவ்வில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள்; நரம்பு சுரக்கும் அந்த வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் இவை. முதுகுப் பக்க முகத்தில் நரம்பே கிடையாது. ஓய்வில் இரு முகங்களிலும் உட்புறம் எதிர்மின்தன்மையோடு இருப்பதால், ஒன்றையொன்று ஈடுகட்டி வெளியே பூஜ்யம்தான். நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்ததும் கீழ்முகம் மட்டும் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மேல்முகம் மாறுவதில்லை. அந்த வேறுபாடுதான் செல்லின் வோல்ட்டேஜ். இரு முகங்களும் சேர்ந்து திறந்தால் ஒன்றும் கிடைக்காது. சாதாரணத் தசைச் செல்லில் கிளர்ச்சி சவ்வு முழுவதும் பரவிவிடும். செல்களும் இப்படி ஒரே திசை பார்த்து அடுக்கப்பட்டிருப்பதில்லை.

டார்ச்சில் பேட்டரிகளைப் போடுவதுபோல் 500 செல்கள் தொடரிணைப்பில் நின்றால், ஒன்றுக்கு 80 மில்லிவோல்ட் வீதம் 40 வோல்ட். ஆனால் எல்லாம் ஒரே நொடித்துளியில் இயங்க வேண்டும். சில மில்லிசெகண்ட் முன்பின் ஆனாலே கூட்டுத்தொகை சரிந்துவிடும். அதற்காகவே மூளையில் தனி மின் மடல் உண்டு.

நம் தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியின் நெருங்கிய உறவு இங்கே அபாரமான அளவில் குவிந்திருப்பதால், அதன் அமைப்பை முதலில் அறிய உதவியது இந்த மீன்தான்.

கேள்வி: மின் விலாங்கு 600 வோல்ட் தருகிறதே, திருக்கை ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: விலாங்கு வாழ்வது நன்னீரில். அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. வோல்ட்டேஜ் அதிகம் வேண்டும். அதனால் ஆயிரக்கணக்கான செல்கள் உடல் நீளத்துக்குத் தொடராக நிற்கின்றன. உப்பு நீர் நன்றாகக் கடத்துவதால் திருக்கைக்கு வேண்டியது மின்னோட்டம். நூற்றுக்கணக்கான குட்டைத் தூண்கள் பக்க இணைப்பில் நின்று அதைத் தருகின்றன.