சொட்டு மருந்து விட்டது யார்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஓர் ஊரில் இருக்கிறேன். நகரத்தார் குடும்பம். வயது 66. கணவர் காலமாகிவிட்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மகனும் மருமகளும் சென்னையிலிருந்து வந்து என்னோடு இருக்கிறார்கள். மருமகள் கெட்டவள் இல்லை. ஆனால் விளக்கை அணைப்பதில்லை. ஈரக்காலோடு பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், நடக்கிறாள். முகப்பில் நின்று போவோர் வருவோரிடம் சத்தமாகச் சிரித்துப் பேசுகிறாள். எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோதுகூட, 'சொட்டு மருந்து விட்டாள், மூடியைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போனாள்' என்று எழுதும்படி ஆயிற்று. மற்றவர்களுக்கு உறுத்தாதது எனக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது?

பதில்: ஆச்சி, ஆறுதல் வேண்டுமென்றால் வேறு பக்கம் பாருங்கள். நான் அந்தச் சொட்டு மருந்து வரியை விடுவதாக இல்லை.

கண்புரை அறுவைக்குப் பின் விடும் மருந்து ஒரு வேளையோடு முடிவதில்லை. ஒரு நாளைக்குப் பல வேளை, வாரக்கணக்கில் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைக் கழுவ வேண்டும், உங்கள் தலையைச் சாய்க்க வேண்டும், கீழிமையை இழுத்துப் பிடித்து, குப்பியின் நுனி படாமல் ஒரு சொட்டு விட வேண்டும். இத்தனையும் செய்தவள் பெயரில் நோட்டில் ஏறியது என்ன? மூடி! ஆறாத கண்ணை வைத்துக்கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தரையில் போட்டது தப்புதான், கிருமி ஒட்டும். "அதை எடும்மா" என்று அப்போதே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

ஏன் உங்களுக்கு மட்டும் என்று கேட்கிறீர்கள். 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மனிதரை வேறுபடுத்திக் காட்டும் சொற்களை ஆங்கில அகராதியிலிருந்து பொறுக்கினார்கள். ஏறக்குறைய 18,000 தேறின. பின்னால் வந்தவர்கள் அப்படிப்பட்ட சொற்களைச் சலித்துச் சலித்துக் குணத்தை ஐந்து கூறுகளில் அடக்கினார்கள். ஒழுங்கு, இணக்கம், கலகலப்பு ஆகியவை அவற்றில் சில. ஒழுங்கு ஓங்கியவருக்கு அணைக்காத விளக்கு உறுத்தும். இணக்கம் ஓங்கியவருக்கு விளக்கு கண்ணிலேயே படாது, முகம் சுளித்தால் உறுத்தும். உங்கள் மருமகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மாமியாரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். விளக்கும் மூடியும் அதில் வராது. நீங்கள் பேச்சுக் கொடுக்காமல் உள்ளே போன நாட்கள் வரும்.

உங்கள் குணத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, நோட்டின் மேல்தான் கோபம். அது யார் படிக்க? என்றாவது ஒரு நாள் மகன் முன்னால் விரித்து வைக்கத்தானே? பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் நடுவே அவனைத் தீர்ப்புச் சொல்ல உட்கார வைப்பது தாய் செய்கிற காரியம் இல்லை. அதை எந்தச் சமாதானம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். போகட்டும், கணக்காகவாவது அது தேறுமா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன உங்கள் முன்னோர் பற்றையும் வரவையும் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டு ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு எடுத்தவர்கள். நீங்கள் பற்று மட்டும் எழுதிக்கொண்டு போகிறீர்கள். அவர்கள் கடையில் இப்படி எழுதிய கணக்கப்பிள்ளையை அன்றைக்கே ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

மின்கட்டணம் நீங்கள் கட்டுவதாக இருந்தால் விளக்கு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். நேரில் சொல்லுங்கள். ஈரக்கால் வழுக்கும் என்றால் ஒரு மிதியடி போடுங்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் என்னவோ நடக்க நடக்கத்தான் பளபளக்கும். சிரிப்புச் சத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. உங்கள் வட்டாரத்தில் எத்தனை பெரிய வீடுகள் காவல்காரர் கையில் சாவியோடு பூட்டிக் கிடக்கின்றன என்று தெரியாமலா எனக்கு இதை எழுதுகிறீர்கள்?

ஒரே கூரையின் கீழ் இரண்டு குணம் உரசும் என்பது உங்கள் நகரத்தாருக்குத் தெரியாததா? கல்யாணமானவர்களை அதே வீட்டில் வேறு வைக்கும் வழக்கம் உங்களுடையதுதானே. தனி அடுப்பு, தனிச் செலவு, ஆனால் நல்லது கெட்டதுக்கு ஒரே வீடு. இத்தனை கட்டுள்ள வீட்டை வைத்துக்கொண்டு ஒரே சமையலறையில் ஏன் இடித்துக்கொள்கிறீர்கள்? வேறு வையுங்கள். மகனிடம் பேசும் முன் மருமகளை உட்கார வைத்துக் கேளுங்கள், அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.