டூ வீல் டிரைவ் வேனில் குழந்தைகளோடு முகாம் போட எப்படிப்பட்ட கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வேன் நிற்கப்போகும் தரையைத் தேர்ந்தெடுங்கள். கடலை அதற்குப் பிறகு பார்க்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தில் அழகாகத் தெரிந்த கரையை முடிவு செய்துவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை எங்கே விடுவது என்று தேடுகிறார்கள். ஆட்களும் சாமானும் ஏறிய வேன் இரண்டரை முதல் மூன்றரை டன் வரும். அந்த எடையை இரண்டு சக்கரம் மட்டும் இழுக்க வேண்டும். காய்ந்த மணலில் இறங்கினால் முதல் முறை நிறுத்திக் கிளப்பும்போதே புதையும்.

அதனால் தார், கப்பி, சரளை அல்லது இறுகிய மண் தரை கடலுக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் வந்து முடிகிற இடமாகப் பாருங்கள். கூடாரத்தையும் பாயையும் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம், வேனை முடியாது. புல்தரை பார்க்க உறுதியாக இருந்தாலும் நம்பாதீர்கள். இரவுப் பனியில் நனைந்த புல்லில் காலையில் இரண்டு சக்கரமும் வழுக்கிச் சுழலும். புல்லுக்கு அடியில் மணலாக இருந்தால் நாலு சுற்றில் வேரைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். மர நிழலில் உதிர்ந்த சருகுப் படுகையும் அப்படித்தான், அடியில் என்ன இருக்கிறது என்பதை மறைத்துவிடும்.

மணலைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பருமணல் கரை செங்குத்தாகச் சரியும், மணிகள் ஒன்றையொன்று பிடிக்காமல் உருளும், அலை காலடியிலேயே ஓங்கி உடையும். பொடிமணல் கரை பெரும்பாலும் தட்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். அலை தூரத்திலேயே உடைந்து நுரையாகத் தவழ்ந்து வரும். ஆக, உங்கள் டயருக்கு ஒத்துவராத கரை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. இரண்டையும் ஒரே பார்வையில் கழித்துவிடலாம். உருண்டைக் கூழாங்கல் கரை இன்னும் மோசம். அதில் எவ்வளவு காற்றை இறக்கினாலும் பிடிப்பு கிடைக்காது.

வண்டியை நகர்த்துவதற்கு முன், போகிற வழி முழுவதையும் வெறுங்காலில் நடந்து பாருங்கள். கையில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருந்தால் நல்லது. குதிகால் தடம் ஒரு விரற்கடை ஆழத்தில் நின்றால் தரை தாங்கும். கால் கணுக்காலை நோக்கிப் புதைந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். நிறத்தையும் கவனியுங்கள். மேலே வெளுத்துக் கிடக்கும் காய்ந்த மணல் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே ஈரம் இருந்தும் பளபளக்காத மங்கலான பட்டைதான் உள்ளதில் உறுதியானது. அதற்கும் கீழே, கண்ணாடி மாதிரி மின்னும் பட்டையில் கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்தால் அது நெருக்கமாக அடைந்த மணல். வெளுக்காமல் தண்ணீர் ஊறிக் குழைந்தால் சேறு. வெளுத்தாலும் அந்தப் பட்டையில் வண்டியை நிறுத்தாதீர்கள். அலை வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் டயருக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். ஆற்று முகத்துவாரங்களை நான் முழுக்கத் தவிர்க்கச் சொல்வேன். அங்கே மணல் புதிதாகப் படிந்தது, ஒரு சாண் அடியில் கருஞ்சேறு இருக்கலாம், நீரோட்டமும் பலமாக இருக்கும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு உயர் ஓதத்திலிருந்து அடுத்த உயர் ஓதம் வரை சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் மாலை 4 மணிக்குத் தண்ணீர் ஏறியிருந்தால், பிள்ளைகள் அயர்ந்து தூங்கும் காலை நாலரை மணிக்கு மறுபடி ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் அது இன்னும் மேலே வரும். 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுள்ள தட்டையான கரையில் நீர்மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் கடல் 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். அதிலும் ஏற்றத்தின் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயர்வில் சுமார் பாதி நடந்துவிடும். மெதுவாகத்தானே ஏறுகிறது என்று முதல் மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் தவறு.

கரையில் அலை ஒதுக்கிய பாசி, சிப்பி, குச்சிக் கோடுகள் இரண்டு இருந்தால், கீழ்க்கோடு நேற்றையது, மேற்கோடு பெரிய ஓதத்துடையது அல்லது புயல் நாளுடையது. கூடாரம் மேற்கோட்டுக்கும் மேலே இருக்க வேண்டும். வெப்பமண்டலக் கரைகளில் அடப்பங்கொடி என்ற மணற்கொடி முற்றிய தண்டோடு படர்ந்திருக்கும் இடம் கடல் அடிக்கடி வராத இடம். ஆனால் கொடியின் மேலேயே கூடாரம் போடாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

வேனை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பது எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்சக்கரம் இழுக்கும் வேன் ஏற்றத்தில் ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து, இழுக்கும் சக்கரம் லேசாகிவிடும். வெளியேறும் வழி ஏற்றமாக இருந்தால் அப்படிப்பட்ட வண்டியை ரிவர்ஸில் ஏற்றுவது எளிது. பின்சக்கரம் இழுக்கும் வேனுக்கு நேரெதிர்: கனமான சாமானைப் பின் அச்சுக்கு மேல் வைத்து முன்னோக்கி ஏற்றுங்கள். எதுவானாலும் சமமாகவோ இறக்கமாகவோ வெளியேறும் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். திரும்ப 15 மீட்டர் அகலமாவது வேண்டும், மணலில் கூர்மையாக ஒடித்தால் முன்டயரே மணலைத் தள்ளி அணை கட்டிவிடும்.

கொஞ்ச தூரம் மணலைக் கடந்தே ஆக வேண்டும் என்றால், கதவு ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை இறக்குங்கள். டயர் நீளவாக்கில் படிந்து எடையைப் பரப்பும். வேகம் 20 கிலோமீட்டருக்குள், பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ஏற்பாடு) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வேகம் தேவைப்படும் நேரத்தில் அது இன்ஜினை அடக்கும். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும், குறைந்த காற்றில் ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். அதனால் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது. பெரிய கம்ப்ரஸரை லைட்டர் சாக்கெட்டில் செருகாதீர்கள், பியூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கிளிப் போடுங்கள்.

புதைந்துவிட்டால்: வண்டி நகர்வது நின்ற நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அதற்குப் பிறகு சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் குழியைத்தான் ஆழமாக்கும், கடைசியில் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். எல்லாரையும் இறக்குங்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள், அடியில் தங்கிய மணலையும் டயர் போகும் திசையில் உள்ள மணலையும் மண்வெட்டியால் வாருங்கள். காற்றைப் பாதியளவுக்கு இறக்கி, ரிகவரி போர்டை (டயருக்குப் பிடிப்புக் கொடுக்கும் பலகை) இழுக்கும் டயருக்கு அடியில் நெருக்கிச் செருகி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். சக்கரங்களுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, போர்டு தெறித்து வரும். ஜாக்கி வைக்க 40 சென்டிமீட்டர் சதுரப் பிளைவுட் துண்டு ஒன்று, 18 மில்லிமீட்டர் கனத்தில், வண்டியிலேயே கிடக்கட்டும். வேறு வண்டியால் இழுத்தால், டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டாதீர்கள். அது முறிந்து பறந்தால் உயிர் போகும்.

பிள்ளைகளுக்காகப் பார்க்க வேண்டியவை வேறு. உயிர்காப்பாளர் இருக்கும் கரை முதல் தகுதி. உடையும் அலைகளுக்கு நடுவே அலை உடையாமல் இருண்டு அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் பெரும்பாலும் இழுப்பு நீரோட்டம் ஓடும். பிள்ளைகள் முதலில் ஓடுவதும் அந்த அமைதியான இடத்துக்குத்தான். மணலில் தோண்டும் குழி கடைக்குட்டியின் முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது, பக்கம் சரிந்தால் மூச்சு முட்டும். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், நாலு பேர் இரண்டு நாளுக்கு 32 லிட்டர், கழுவுவது தனி. கழிப்பறை இரவில் பிள்ளையோடு நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும்.

கடற்காற்று முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சமாகும். வேனின் சறுக்குக் கதவு அதற்கு எதிர்ப்பக்கம் திறக்கும்படி நிறுத்துங்கள். கூடாரத்து ஆணி மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். குளிர்ந்தாலும் கரியடுப்பை வேனுக்குள் கொண்டுவராதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். இடி இடித்தால் கூடாரத்தை விட்டுவிட்டு எல்லாரும் வேனுக்குள், கதவு ஜன்னலை மூடிக்கொண்டு.

பல இடங்களில் கரையில் வண்டி இறக்கவே தடை உண்டு, இரவு தங்கவும் அனுமதி வேண்டும். கிளம்புவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். ஆமை முட்டையிடும் கரையானால் அந்தப் பருவத்தில் வேறு கரை பாருங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் சக்கர வளைவு, பிரேக், அடிச்சட்டம் எல்லாவற்றையும் கீழிருந்து பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே பளபளக்கக் கழுவிவிட்டு அடியை விட்டால், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.