போதைப் பழக்கமும் மீட்சியும்: இந்த அறிமுகப் பாடத்தை எடுக்கலாமா?

கேட்டவர் மூன்றே வரியில் கேட்டிருக்கிறார். கல்லூரியில் போதைப் பழக்கமும் மீட்சியும் பற்றிய அறிமுக வகுப்பு விருப்பப் பாடமாக இருக்கிறது, வீட்டில் ஒருவர் குடிக்கிறார், இதைப் படித்தால் அவரை நிறுத்த வைக்க முடியுமா?

முடியாது. இருந்தாலும் எடுங்கள் என்பேன்.

நானும் அதே நினைப்பில்தான் போய் உட்கார்ந்தேன். அண்ணன் அப்போது தினமும் குடித்துக்கொண்டிருந்தான். செமஸ்டர் முடிவதற்குள் ஏதாவது ஒரு சூட்சுமம் பிடிபட்டுவிடும், அதை வீட்டில் பிரயோகித்தால் ஆள் திருந்திவிடுவான் என்று நம்பினேன். பிடிபட்டதெல்லாம் இத்தனை வருடம் நான் அவனிடம் பேசிய பேச்சின் லட்சணம்தான்.

முதல் சில வாரங்கள் சுமார். எது ஊக்குவிக்கும், எது மந்தமாக்கும், எது எத்தனை மணி நேரம் உடலில் தங்கும் என்று பட்டியல் பட்டியலாகப் போகும். எழுதிவிட்டு மறந்துவிடலாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது நோயறிதல் பற்றிய வகுப்பில். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டில் போதைப் பழக்கத்துக்கு 11 அளவுகோல்கள் இருக்கின்றன. ஓராண்டுக்குள் இரண்டோ மூன்றோ பொருந்தினால் லேசானது, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, உடம்பு கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது என்று நீள்கிறது அந்த வரிசை. நோட்டின் ஓரத்தில் அண்ணனுக்காக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழு. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட ஒரு நாளைக்கு இத்தனை கிளாஸ் என்று கணக்கு வைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அந்தக் கணக்கைப் பற்றியதுதான். அப்பா பாட்டிலில் பேனாவால் கோடு போடுவார். அண்ணன் தண்ணீர் ஊற்றிக் கோட்டைச் சரிக்கட்டுவான். இப்படியே ஆண்டுகள் ஓடின.

மூளை பற்றிய பகுதியில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் பெயர் காது புளிக்கும் அளவுக்கு வரும். டோபமின் என்றால் இன்பம் என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதை இந்தப் பாடம் கலைத்துப்போடும். டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் முன்வைத்த விளக்கம் இது: ஒன்று பிடித்திருப்பது வேறு, அது வேண்டும் என்று மனம் இழுப்பது வேறு, இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழிகள். பழக்கம் முற்ற முற்ற இழுப்பு ஏறிக்கொண்டே போகும். சுகம் கூடவே ஏற வேண்டிய அவசியம் இல்லை. அண்ணன் கடைசி ஆண்டுகளில் குடித்ததைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சுகம் என்று சொல்லமாட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசப்பு மருந்து விழுங்கும் குழந்தையைப் போல விழுங்குவான். “அப்படி என்னதான் சுகத்தைக் கண்டாய்?” என்று அம்மா கேட்பார். அவன் சுவரைப் பார்ப்பான்.

என்னை உலுக்கியது ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1982-ல் வெளியிட்ட எலிச் சோதனை. எலிகளுக்கு ஹெராயினைத் தொடர்ந்து கொடுத்துப் பழக்கிவிட்டு, ஒருநாள் மிகப் பெரிய அளவை ஏற்றினார்கள். முன்பே பழகாத எலிகளில் சுமார் 96 சதவீதம் செத்தன. வழக்கமாக மருந்து கிடைத்த அறையிலேயே பெற்றவற்றில் சுமார் 32 சதவீதம். இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே அளவு பழகியும் அன்றைக்கு வேறு அறையில் வைத்து ஊசி போடப்பட்டவற்றில் சுமார் 64 சதவீதம் செத்துப்போயின. பழகிய இடத்தைக் கண்டதுமே உடம்பு எதிர்த்தாக்குதலுக்குத் தயாராகிவிடுகிறது. இடம் மாறினால் அந்தத் தயாரிப்பு இல்லை. இதே தயாரிப்புதான், மருந்து வராதபோது, ஏக்கமாகவும் நடுக்கமாகவும் தெரிகிறது என்றார் ஆசிரியர். மாதக்கணக்கில் குடிக்காதவன் பழைய தெருமுனையைக் கடக்கும்போது வாய் உலர்ந்து கை வியர்ப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. அதுவரை அதை நடிப்பு என்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் ஒரு பயிற்சி தருவார்கள்: பிடித்த ஏதாவது ஒன்றை நான்கு வாரம் விட்டுவிட்டுத் தினமும் குறிப்பு எழுத வேண்டும். மதுவையோ மாத்திரையையோ சார்ந்திருப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். நான் சமூக ஊடகத்தை விட்டேன். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கியும்விட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால், கட்டைவிரல் தானாகப் போய் அந்தச் செயலி இருந்த வெற்றிடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான் கட்டளையிடவே இல்லை. ஒன்பதாம் நாள், ஒரு தேர்வைச் சொதப்பிவிட்டு வந்த இரவு, ஐந்து நிமிடம் மட்டும் என்று மறுபடி ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு குரல், “கெட்டதுதான் கெட்டாயிற்று, இனி ஐந்து நிமிடம் என்ன, ஐந்து மணி என்ன” என்றது. விடிய விடியப் பார்த்தேன்.

மறுவாரம் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இந்தக் குரலைத்தான் ஆராய்ந்தார் என்று பாடத்தில் வந்தது. ஒருமுறை தவறுவது சறுக்கல். அந்தச் சறுக்கலை ‘நான் இவ்வளவுதான், எனக்குத் துப்பில்லை’ என்று படித்துக்கொள்ளும்போதுதான் அது முழு வீழ்ச்சியாகிறது என்றார் அவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் அண்ணன் நான்கு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு ராத்திரி குடித்துவிட்டு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றத் தடுமாறிக்கொண்டிருந்தவனிடம், “நான்கு மாதமும் வீண்” என்று சொன்னது நான்தான். அவனுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரலை வெளியிலிருந்து உறுதிப்படுத்தினேன். அடுத்த பதினொரு நாள் அவன் நிறுத்தவில்லை. என் ஒரு வாக்கியத்தால்தான் அது நடந்தது என்று சொல்லவரவில்லை, அந்தப் பழியை எனக்கு நானே போட்டுக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் அந்த வாக்கியம் உதவவில்லை.

வேறு எப்படிப் பேசுவது? உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதத் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறையை இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். குடிப்பவருக்குள் இரண்டு கட்சி இருக்கிறது: விடவேண்டும் என்பது ஒன்று, விடமுடியாது என்பது இன்னொன்று. நாம் முதல் கட்சிக்கு வக்கீலாகிவிட்டால் அவர் இரண்டாவதற்கு வக்கீலாகிவிடுவார். கேட்க எளிதாக இருக்கிறது. சக மாணவர் ஒருவர் குடிப்பவராக நடிக்க, நான் பேச வேண்டும். இரண்டே நிமிடத்தில் அறிவுரையில் இறங்கிவிட்டேன். ஆசிரியர் நிறுத்தி, “இதுவரை பேசியதில் எத்தனை கேள்வி கேட்டீர்கள்?” என்றார். ஒன்றுகூட இல்லை.

குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் பொதுக் கூட்டம் ஒன்றுக்கும் போய்வரச் சொன்னார்கள். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது அது. அங்கே கடவுள் பேச்சு அதிகம், எனக்கு ஒட்டவில்லை. ஆனால் ‘குடிக்காமல் இன்று மூன்றாம் நாள்’ என்று ஒருவர் சொன்னபோது எழுந்த கைதட்டல், பத்தாண்டுக்காரருக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருந்தது. சில கூட்டங்களில் மெத்தடோன் போன்ற மருந்துகளை, ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று இளக்காரமாகப் பேசுவதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் அந்தச் சிகிச்சை ஓபியம் வகைப் போதையில் சிக்கியவர்களின் உயிரைக் காப்பாற்றுகிறது.

இனி, பயிற்சிக்கு மதுவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற அந்த எச்சரிக்கை. பாடம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று அடியோடு நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், உடல் நடுக்கம் என்று முற்றி உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில், மருந்துகளோடும் தயமின் என்ற பி1 வைட்டமினோடும் செய்ய வேண்டிய வேலை அது. நாங்கள் அண்ணனை அறையில் பூட்டிவைக்கத் திட்டம் போட்டோம். அன்று மாமா வெளியூர் போனதால் நடக்கவில்லை. அந்தப் பயணத்தை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் பிறகு சிகிச்சைக்குப் போனான். அதற்குக் காரணம் அவனுடைய மருத்துவரும் அவனும்தான், என் பாடநோட்டு இல்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினான். மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டு, “நேற்று குடித்துவிட்டேன்” என்றான். முன்பெல்லாம் வாரக்கணக்கில் மறைப்பவன். எனக்குச் சொல்வதற்கு ஏகப்பட்டது வாய்வரை வந்தது. “இன்றைக்கு என்ன செய்யலாம் என்றிருக்கிறாய்?” என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசினான்.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மீட்சி கடைசி வாரத்தில் மட்டும் தலைகாட்டுகிறது என்றால் அது மருந்தியல் வகுப்பு, உங்களுக்குப் பயன்படாது. நீங்களே அண்மையில் ஏதாவது ஒன்றை விட்டவர் என்றால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் காட்டும் படங்களில் ஊசியும் கிளாஸும் நிறைய வரும், அந்த நேரத்தில் எழுந்து வெளியே போக அனுமதி கேட்டுவையுங்கள்.